டிரெஸ்ஸர் காடிக்கு ஐந்தாவது கியர்

ஒரு காரினால் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் ஐந்து வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காரை விற்பதா வேண்டாமா என்ற சண்டை இல்லை. யார் ஓட்டுவது என்ற சண்டையும் இல்லை. அதன் கியர்பாக்ஸை மாற்றலாமா, கூடாதா என்பதுதான் பிரச்சினை.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கியர்பாக்ஸ் என்பது காருக்கு அடியில் எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும் இரும்புச் சாமான். கெட்டுப்போகும் வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. "இதற்கெல்லாமா அப்பாவிடம் கோபித்துக்கொள்வாய்?" என்று வானொலி நிலையத்தில் உடன் வேலை செய்பவர்களே கேட்டார்கள். முழுக் கதையையும் சொன்ன பிறகு அவர்களும் அப்பா பக்கம் பாதி, என் பக்கம் பாதி என்று பிரிந்துவிட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கார், 1965-இல் வந்த மோரிஸ் மைனர் 1000. சாம்பல் நிறம். பேராக்கில் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்து மருத்துவமனையில் அப்பா டிரெஸ்ஸராக இருந்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், 1977-இல், ஓய்வுபெற்றுப் போன ஒரு கிராணியிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். டிரெஸ்ஸர் என்றால் இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் எப்போதோ ஒருநாள் வந்துபோகும் இடத்தில், மற்ற எல்லா நாளும் காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, பாம்புக் கடிக்கு ஓடுகிறவர் அவர்தான்.

இரவில் லயத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் அப்பா காரை எடுப்பார். செம்மண் ரோட்டில் மேடு ஏறும்போது முதல் கியரில் அந்தக் கார் 'ஊஊ' என்று ஒரு ஊளை விடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லயம் வரை அது கேட்குமாம். "டிரெஸ்ஸர் காடி வருது" என்று சொல்லி, கர்ப்பிணியைத் தயாராக வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம். அங்கிருந்து தாப்பா மருத்துவமனைக்கு ஓட்டம். அந்தப் பின் இருக்கையில் பிறந்த குழந்தைகளும் உண்டு என்று அம்மா சொல்வார். எத்தனை என்று கேட்டால் அப்பா சிரிப்பாரே தவிரச் சொல்லமாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் இனிப்புநீர் அப்பாவின் பார்வையை எடுத்துக்கொண்டது. இப்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். காரின் சாம்பல் வண்ணம் மங்கியதும், பானெட்டில் துரு பூத்ததும் அவருக்குத் தெரியாது. அவருக்கு மிஞ்சியிருந்த மோரிஸ் மைனர், அதன் சத்தம் மட்டும்தான்.

அந்தச் சத்தம் வருகிற இடத்தைத்தான் நான் கழற்றி மாற்றப்போகிறேன் என்றேன்.

அந்த ஊளை எங்கிருந்து வந்தது?

மோரிஸ் மைனர் 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினி காரை உருவாக்கியவரும் அவரே. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இது. நம் நாட்டிலும் ஆசிரியர்கள், கிராணிமார்கள், அரசாங்க ஊழியர்கள் என்று பலரும் ஓட்டினார்கள். 1962-இலிருந்து அதில் 1,098 சிசி எஞ்சின் வந்தது. சக்தி 48 குதிரைத்திறன். எங்கள் காரில் இருப்பது அதுதான்.

கியர் நான்கு. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு சிங்க்ரோமெஷ் உண்டு. அதாவது, வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு சக்கரங்களை முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சேர்த்துவைக்கும் ஏற்பாடு. முதல் கியருக்கு அது கிடையாது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, எண்ணெயைக் கொஞ்சம் அழுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். தவறினால் பல்லோடு பல் உரசி 'கர்ர்ர்' என்று கத்தும். பதினேழு வயதில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, லீவரில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்து, "அவசரப்படாதே பாப்பா, சத்தத்தைக் கேளு, அதுவே கூப்பிடும்" என்பார் அப்பா. நான் வானொலிக்குப் போனதற்கு என் ஊடகவியல் பட்டம் காரணமா, அந்தப் பாடம் காரணமா என்று எனக்கே சந்தேகம் உண்டு.

ஊளைக்கும் காரணம் முதல் கியர்தான். அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. நேர்ப்பல் சுற்றும்போது ஒவ்வொரு பல்லும் தன் முழு அகலத்தோடு ஒரே நேரத்தில் எதிர்ப்பல்லை அடிக்கும். அந்த அடிகள் வேகமாகத் தொடர்ந்து வரும்போது நமக்கு ஒரு ஸ்வரமாகக் கேட்கிறது. மற்ற கியர்களில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சாய்வுப்பல் ஒரு முனையில் தொட்டு மெல்ல மெல்ல மறுமுனைக்கு நகரும். அதனால் சத்தம் குறைவு. இன்றைய கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்கள் எல்லாமே சாய்வுப்பல்தான். அதனால்தான் அவை ஊளையிடுவதில்லை.

கிள்ளான் பட்டறையில் மூன்று வழி

போன வருடத் தொடக்கத்தில் மூன்றாவது கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வர ஆரம்பித்தது. இறக்கத்தில் எண்ணெயிலிருந்து காலை எடுத்தால் 'டக்' என்று லீவர் வெளியே வந்துவிடும். பழைய கார்களையே பார்க்கும் ஒரு மெக்கானிக் கிள்ளானில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே மூன்று வழி சொன்னார்.

முதல் வழி, பழைய பெட்டியைக் கழற்றி, பேரிங், சிங்க்ரோ வளையம், தேய்ந்த பற்சக்கரம் எல்லாம் மாற்றித் திரும்பப் பூட்டுவது. இரண்டாவது, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட் ஒன்றை வாங்கி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றுவது. மூன்றாவது, எஞ்சினை அப்படியே விட்டு, ஐந்து கியர் உள்ள புதிய காலத்துப் பெட்டி ஒன்றை அதன் பின்னால் பூட்டுவது.

இரண்டாவது வழியை நான் அந்த இடத்திலேயே வேண்டாம் என்றுவிட்டேன். எஞ்சின் எண் கார் கிராண்டில் இருக்கிறது. மாற்றினால் ஜேபிஜே அனுமதி, பரிசோதனை என்று அலைய வேண்டும். அதைவிட முக்கியம், எஞ்சினும் போய்விட்டால் அது மோரிஸ் மைனர் சட்டை போட்ட வேறு கார்.

முதல் வழி அப்பாவின் வழி. மூன்றாவது என் வழி. எனக்கு ஏன் அது பிடித்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

நான்காவது கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டும் ஒரு சுற்று சுற்றும். பின் அச்சில் அந்தத் தண்டு 4.22 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். ஆகவே மணிக்கு 90 கிமீ வேகத்தில் எங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 தடவை சுற்றுகிறது. 1950களின் ரோடுகளுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம் நிற்காமல் 90-இல் யார் போனார்கள்?

அங்கிள் சொன்ன பெட்டி, ஃபோர்டு நிறுவனத்தின் டைப் 9. 1980களின் சியெரா கார்களில் வந்தது. ஃபோர்டின் பழைய நான்கு கியர் பெட்டியை எடுத்து, அதன் வால் பகுதியை நீட்டி, அங்கே ஐந்தாவது கியரைச் சேர்த்து உருவாக்கியது. அந்த ஐந்தாவது கியரின் விகிதம் 0.82. அதாவது வெளியே போகும் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்ற, எஞ்சின் முக்கால் சுற்றுக்குச் சற்று மேலே சுற்றினால் போதும். அதே 90 கிமீ வேகத்தில் 3,600 என்பது சுமார் 2,950 ஆகிவிடும். ஒரு மணி நேரப் பயணத்தில் எஞ்சினுக்கு ஏறக்குறைய 39,000 சுற்று மிச்சம். அறுபது வயது எஞ்சினுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு!

டைப் 9 பெட்டியில் இன்னொரு வசதி உண்டு. எஞ்சினோடு சேரும் மணி போன்ற முன்பகுதி தனியாகக் கழன்று வரும். அதற்குப் பதில் மைனர் எஞ்சினுக்கு ஏற்ற முன்பகுதியைப் பூட்டலாம். பிரிட்டனில் மைனர் வைத்திருப்பவர்கள் பல வருடமாக இதைச் செய்து வருகிறார்கள். தேவையான சாமான்கள் தொகுப்பாகவே கிடைக்கின்றன.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா முழுவதும் கேட்டார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்தச் சத்தம் இருக்குமா?"

"இருக்காதுப்பா. எல்லாக் கியரும் சாய்வுப்பல்."

"அப்புறம் அது யாரோட காடி?"

எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குப் போய்விட்டார். பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

நெடுஞ்சாலையில் ஒரு காலை

தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு அப்பா எந்த வருடமும் போகாமல் இருந்ததில்லை. லயங்கள் காலியாகி, பெரும்பாலோர் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனால் திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள். என்னிடம் ஆட்டோ கியர் கார் ஒன்று இருக்கிறது. அதில் போகலாம் என்றேன். "மைனர்ல போனா வர்றேன். இல்லாட்டி நீங்க போயிட்டு வாங்க" என்று அம்மா மூலமாகப் பதில் வந்தது.

கிள்ளானிலிருந்து பீடோர் ஏறக்குறைய 150 கிமீ. பழைய ஈப்போ ரோட்டில் போனால் வெயில் ஏறிவிடும் என்று வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினேன். தவறு என்னுடையது. நான்காவது கியரில் எண்பதைத் தாண்டியதும் காருக்குள் ஒரே இரைச்சல். பின்னால் அம்மா ஏதோ கேட்கிறார், எனக்குக் காதில் விழவில்லை. எஞ்சின் பாவமே என்று எழுபதுக்கு இறக்கினேன். உடனே பின்னால் லாரிகள். ஒரு லாரி நெருங்கி வந்து நீளமாக ஹாரன் அடித்தது.

எனக்குக் கண்ணாடியில் அந்த லாரி தெரிகிறது. எவ்வளவு தூரம், எப்போது ஒதுங்கும் என்று தெரிகிறது. அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு அந்த ஹாரன் மட்டும்தான், காதுக்குப் பக்கத்தில். கதவுக் கைப்பிடியை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். முப்பது வருடம் நடு ராத்திரியில் செம்மண் ரோட்டில் பயமில்லாமல் ஓட்டியவரின் கை.

தஞ்சோங் மாலிமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டேன். மீதித் தூரத்தைப் பழைய ரோட்டில் மெதுவாகப் போனோம். வழியில் இரண்டு தடவை மூன்றாவது கியர் நழுவியது. திருவிழா முடிந்து திரும்பி வந்த இரவு, கார் நின்ற பிறகும் அப்பா இறங்கவில்லை. எஞ்சின் சூடு ஆறும்போது வரும் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"மாத்திக்கோ பாப்பா" என்றார். "ஆனா பழசை எறிஞ்சிடாதே. வேணும்னா திருப்பிப் போடற மாதிரி மாத்து."

நான் கேட்டுப் பெற்றிருக்க வேண்டிய நிபந்தனை அது. பழைய பொருளில் கை வைக்கும்போது, நமக்குப் பின் வருகிறவர் மனம் மாறினால் திரும்பப் போக ஒரு வழி இருக்க வேண்டும். எஞ்சினியரிங் படிக்காத அப்பா அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு மைக்

காரைப் பட்டறையில் விடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்தேன். ஒரு மைக்கை கியர்பாக்ஸ் மூடியின் பக்கத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில் வைத்தேன். காற்றுப் படாமல் இருக்க ஒரு கைக்குட்டையைச் சுற்றினேன். இன்னொன்றை அப்பாவின் காது உயரத்தில், இருக்கைத் தலைப்பக்கம் கட்டினேன். காரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கேட்கிறதோ அதுதானே உண்மையான சத்தம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. அதில் முதல் கியரில் ஏழு தடவை ஏறினோம். அப்பா இயக்குநர் மாதிரி உத்தரவு போட்டார். "இன்னும் கொஞ்சம் மெதுவா." "இது சரியில்ல, மழை நேரத்துல இப்படி ஏறாது." ஏழாவது தடவை, "இதுதான்" என்றார்.

நிலையத்தில் ஹெட்ஃபோனில் கேட்டபோது, ஊளைக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. கரகரவென்று ஒரு முனகல். காருக்குள் இருக்கும்போது நான் அதைக் கவனித்ததே இல்லை. அங்கிளுக்குப் போட்டுக் காட்டினேன். "பேரிங் போயிடுச்சும்மா" என்றார். பெட்டியைத் திறந்தபோது, கீழ்த்தண்டைத் தாங்கும் ஊசி பேரிங்குகள் தேய்ந்து, தண்டிலேயே பள்ளம் விழுந்திருந்தது. இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருந்தால், திரும்பப் போடுவதற்குப் பழைய பெட்டியே மிஞ்சியிருக்காது.

"பெட்டியை மாத்தறது வேலையே இல்ல"

"கியர்பாக்ஸை மாத்தறது பெரிய வேலை இல்லம்மா. அதைச் சுத்தி இருக்கிறதை மாத்தறதுதான் வேலை" என்றார் அங்கிள். எட்டு வாரத்தில் அதன் அர்த்தம் புரிந்தது. இதைச் செய்ய நினைக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் கிளட்ச். எஞ்சின் பக்கம் மோரிஸ், பெட்டி பக்கம் ஃபோர்டு. கிளட்ச் தட்டின் நடுத்துளையில் இருக்கும் பள்ளங்கள் ஃபோர்டு தண்டுக்குப் பொருந்த வேண்டும். அதன் வெளிச்சுற்று மோரிஸ் எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும். எஞ்சின் தண்டின் கடைசியில் இருக்கும் சின்னப் புஷ்கூட மாற வேண்டும். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் புதிய பெட்டியின் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது, பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு. புதிய பெட்டி நீளம் என்பதால் தண்டைக் குட்டையாக்கி, ஃபோர்டு முனையைப் பற்றவைத்து, மறுபடி சுழற்றிப் பார்த்துச் சமநிலை செய்ய வேண்டும். சமநிலை தவறினால் வேகத்தில் கார் முழுவதும் உதறும். எங்கள் பழைய தண்டை வெட்டவில்லை. இன்னொரு பழைய தண்டை வாங்கி அதை வெட்டினோம்.

மூன்றாவது, தரை. மைனரில் கியர்பாக்ஸுக்கு மேல் ஒரு தகட்டு மூடி இருக்கும். ஸ்குரூ கழற்றினால் வந்துவிடும். புதிய லீவர் வெளியே வரும் இடம் பழைய துளைக்கு நேராக வரவில்லை. இங்கேயும் அதே விதி. வேறொரு மூடி வாங்கி அதில்தான் துளை போட்டோம். பெட்டியைத் தாங்கும் பிடியும் போல்ட் போட்டுக் கழற்றும் வகை. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: மைனரின் முன்பக்க சஸ்பென்ஷனுக்கு முறுக்குக் கம்பிகள் உண்டு. அவற்றின் பின்முனை, முன் இருக்கைக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தில்தான் பிடித்து நிற்கிறது. இடம் போதவில்லை என்று அந்தச் சட்டத்தை யாராவது வெட்டச் சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நான்காவது, வேகம் காட்டும் முள். அதற்கான கேபிள் கியர்பாக்ஸிலிருந்துதான் வருகிறது. பெட்டி மாறினால் முள் பொய் சொல்லும். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்து ஒப்பிட்டு, மீட்டரைத் திருத்தக் கொடுத்தோம்.

கடைசியாக எண்ணெய். பழைய பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயையே ஊற்றுவார்கள். டைப் 9-க்கு அதற்கென்று உள்ள மெல்லிய கியர் எண்ணெய். அந்தப் பெட்டியில் எண்ணெயை வடித்துவிடத் துளையே கிடையாது. ஊற்றுவதற்கு மட்டும்தான் உண்டு. பூட்டுவதற்கு முன்பே பழைய எண்ணெயைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும்.

செலவு என் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலே போனது. இதில் பாதிக்கும் குறைவான செலவில் பழைய பெட்டியையே புதுப்பித்திருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் நல்ல வழி. ஐந்தாவது கியர் நெடுஞ்சாலைக்குத்தான்.

இன்னொன்று, ஐந்தாவது கியர் வேகத்துக்கு இல்லை. 48 குதிரைத்திறன் அதே 48 தான். சின்ன ஏற்றம் வந்தால்கூட நான்குக்கு இறங்கத்தான் வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆகவே 90-க்கு மேல் போவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அப்பா பேசினார்

இந்த வருடத் திருவிழாவுக்கு மறுபடி கிளம்பினோம். லீவர் புதிது, ஆனால் அதன் உச்சியில் இருப்பது பழைய குமிழ். அப்பாவின் உள்ளங்கை பட்டு வழவழப்பான அதே குமிழ். மரை பொருந்தாததால் அங்கிள் ஒரு புஷ் கடைந்து பூட்டிக் கொடுத்திருந்தார். காசு வாங்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறி நான்காவது கியரில் எண்பது வந்ததும், கிளட்சை மிதித்து லீவரை வலது பக்கம் தள்ளி மேலே போட்டேன். எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கியது. பாடகர் மேல் ஸ்தாயியிலிருந்து மூச்சு விட்டு இறங்குவது போல. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எஞ்சின் நின்னுடுச்சா?"

"இல்லப்பா. அஞ்சுல ஓடுது."

ரவாங் தாண்டும் வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார். 1979 வெள்ளத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கமே காரை நிறுத்திவிட்டு மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த கதை. பின் இருக்கையில் பிறந்த குழந்தைகள் மூன்று என்ற கணக்கு. அதில் ஒன்று இப்போது ஈப்போவில் பள்ளி ஆசிரியை என்பது. அம்மா பின்னாலிருந்து, "அது நாலு, மூணு இல்ல" என்று திருத்தினார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் காரில், அந்த வேகத்தில், பின் இருக்கையில் பேசுவது முன்னால் கேட்டது அதுதான் முதல் தடவை.

சத்தத்தை எடுத்தால் அப்பாவின் கார் போய்விடும் என்று அவர் பயந்தார். நானும் உள்ளுக்குள் பயந்தேன். சத்தம் போன இடத்தில் அவர் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். தோட்டத்துக்குள் நுழைந்து மேடு ஏறி, மிஞ்சியிருக்கும் கடைசி லயத்தின் வாசலில் நிறுத்தினேன். உள்ளே இருந்து ஒரு பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"யாரு?"

"டிரெஸ்ஸர் வந்திருக்கேன் ஆயா."

"டிரெஸ்ஸர் ஐயாவா? காடிச் சத்தமே கேக்கலையே!"

அப்பா சிரித்தார். ஆனால் கொஞ்ச நேரம் வேறு ஒன்றும் பேசவில்லை. அந்த மேட்டில் முதல் கியரில் நான் ஏறியபோது அவர் எதற்காகவோ காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பேசியில் அந்த ஏழாவது பதிவு இருந்தது. போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் பாப்பா. அது இங்க கேக்க வேண்டிய சத்தம். பெட்டிக்குள்ள இருந்து கேக்கக் கூடாது" என்றார்.

இருட்டிய பிறகு வீடு திரும்பினோம். அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, காரைப் பின்னுக்கு எடுத்துக் கொட்டகைக்குள் விட ரிவர்ஸ் போட்டேன். பாதி வந்ததும் அப்பா என் கையைப் பிடித்தார்.

"நில்லு. இது என்ன?"

எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது. 'ஊஊ' என்று மெல்லிய ஊளை. எல்லாக் கியரும் சாய்வுப்பல் என்று அவரிடம் சொன்னேன் அல்லவா? முழு உண்மை இல்லை. முன்னோக்கிப் போகும் ஐந்துதான் அப்படி. பல கார்களில் போல, இந்தப் பெட்டியிலும் ரிவர்ஸ் இன்னும் நேர்ப்பல்தான்.

"மறுபடி வெளியே எடுத்து விடு" என்றார். முன்னால் எடுத்து, மறுபடி ரிவர்ஸில் வந்தேன். மூன்று தடவை. அண்டை வீட்டார் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"தொண்டை கொஞ்சம் மாறியிருக்கு" என்றார் அப்பா. "ஆனா குடும்பம் ஒண்ணுதான்."

பழைய பெட்டி இப்போது மாடிப்படிக்குக் கீழே, எண்ணெய் தடவிய சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. வெட்டாத தண்டும் துளை போடாத மூடியும் அதன் பக்கத்திலேயே. ஊசி பேரிங்குகளுக்கும் கீழ்த்தண்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அங்கிள் புதுப்பித்துக் கொடுப்பார். அதை எப்போது திரும்பப் பூட்டுவோம், பூட்டுவோமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த திருவிழாவுக்கு இன்னும் மாதம் இருக்கிறது. அப்பா மட்டும், கடைக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும், காரைக் கொட்டகைக்குள் பின்பக்கமாகத்தான் விட வேண்டும் என்கிறார்.